சென்னைக் கடலுக்குள் நீண்டிருந்த இரும்புப் பாலம்: ஏன் வந்தது, எங்கே போனது?

துறைமுகம் வருவதற்கு முன்பு சென்னைக் கடற்கரையில் கடலுக்குள் நீளமாக ஒரு இரும்புப் பாலம் இருந்ததாமே, அதை எதற்குக் கட்டினார்கள், துறைமுகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், இப்போது போனால் ஏதாவது பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இருந்தது. 1861-இல் கட்டப்பட்ட கடற்பாலம் அது. கரைக்குச் செங்குத்தாக, கிட்டத்தட்ட 1,100 அடி, அதாவது 335 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போனது. இன்றைய ராஜாஜி சாலைக்கு நேர் கிழக்கே, துறைமுகத்தின் உள்குளம் இருக்கும் பகுதியில் அது நின்றது. 1868, 1872 புயல்களில் அடிவாங்கியது. அதன்பின் அதன் இரண்டு பக்கமும் கல் கரங்களை, அதாவது கைபோல் கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டி, நடுவில் பாலத்தை வைத்துத்தான் துறைமுகமே உருவானது. இவ்வளவு போதும் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். விரிவாகத் தெரிய வேண்டும் என்றால், கப்பலைவிட அலையைப் பற்றியும் மணலைப் பற்றியும் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு விஷயம். சென்னை துறைமுக வசதியைப் பார்த்து உருவான ஊர் இல்லை. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் டே இந்த நிலத்தைக் கேட்டு வாங்கியபோது இங்கே இருந்தது நேர்கோடு போட்டதுபோல் போகும் மணல்கரை மட்டுமே. வளைகுடா கிடையாது, காற்றை மறைக்கும் தீவு கிடையாது, கப்பல் நுழையும் அளவுக்கு ஆழமான ஆற்றுவாய் கிடையாது. கூவத்தின் முகத்துவாரம் ஆண்டில் பாதி நாள் மணல்மேடு விழுந்து அடைத்துக்கொண்டிருக்கும். துணி மலிவாகக் கிடைத்தது, உள்ளூர் நாயக்கர் சலுகை கொடுத்தார், கோட்டை கட்ட இடம் கிடைத்தது. கடலின் குணத்தை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த அலட்சியத்துக்கு அடுத்த இருநூற்று ஐம்பது ஆண்டுகளும் விலை கொடுத்தார்கள்.

கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைல், சில சமயம் அதற்கும் அப்பால், திறந்த கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் அலை மடிந்து உடையும் வரிசைகள் இரண்டு மூன்று இருக்கும். ஐரோப்பியக் கப்பலில் கட்டித் தொங்கும் படகை இறக்கி இந்த அலைக்குள் விட்டால் தொலைந்தது. கட்டைகளை ஆணியடித்து விறைப்பாகச் செய்த படகு அது. ஒரு அலை தூக்கி மணலில் அடித்தால் பிளந்துவிடும்.

இங்கேதான் மசூலாப் படகு வருகிறது. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முப்பது அடிக்கு மேல் நீளம், உயரமான பக்கங்கள், தட்டையான அடி. பலகையோடு பலகையைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். தையலின் உள்ளே வைக்கோலோ நாரோ வைத்து இறுக்குவார்கள். இரும்பு ஆணி ஒன்றுகூட இருக்காது, உள்ளே விலா எலும்புபோல் வரும் சட்டங்களும் இருக்காது. அதனால் அலை அடிக்கும்போது படகே வளைந்து கொடுக்கும். தையல் வழியே தண்ணீர் கசிந்துகொண்டேதான் இருக்கும், ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பேர் அளவில் துடுப்புப் போட, பின்னால் நின்று ஒருவர் திசை பிடிப்பார். அலை உடையும் வரிசைக்குக் கொஞ்சம் முன்னால் படகை நிறுத்தி வைத்து, பெரிய அலைகள் கடந்து போகும்வரை பொறுத்து, சின்ன அலையின் முதுகில் ஏறிப் பாட்டோடு பாட்டாக வலித்துக் கரையில் கொண்டுவந்து மோதுவார்கள். பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள். படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்க வேண்டியது அவர்கள் வேலை. பனையோலையில் செய்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு, ஒரு துளி ஈரம் படாமல் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள்தான். கம்பெனி அதிகாரிகள் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளில் இவர்களைத் திட்டாதவர் குறைவு. கூலி அதிகம் கேட்கிறார்கள், வேண்டுமென்றே பயமுறுத்துகிறார்கள் என்று ஒரே புலம்பல். என் கருத்து, அந்தக் கூலிக்கு அவர்கள் முழுக்கத் தகுதியானவர்கள். அவர்கள் இல்லாமல் அந்த நகரத்தின் வணிகமே இல்லை.

அலை மோசமாக இருந்தால் கரையில் கொடியேற்றிக் கப்பலுக்குச் சொல்லிவிடுவார்கள். அன்று யாரும் இறங்க முடியாது, ஏற முடியாது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் இன்னும் மோசம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை இந்தக் கடலில் கப்பல் நிற்பதே ஆபத்து என்பதால் முடிந்தவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பார்கள். அக்டோபரில் அடித்த புயலில் அவர்களுடைய தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படை, நங்கூரம் போட்ட இடத்திலேயே சின்னாபின்னமானது. பீரங்கியால் செய்ய முடியாததை ஒரே இரவில் காற்று செய்து முடித்தது.

இப்படியொரு கரையில் கடலுக்குள் ஒரு பாலம் போட்டுவிட்டால் அலை உடையும் வரிசையை மேலேயே தாண்டிவிடலாமே என்ற யோசனை யாருக்கும் வரும். எழுத்தில் பதிவான யோசனைகளில் புகழ்பெற்றது வாரன் ஹேஸ்டிங்ஸுடையது. பின்னால் கவர்னர் ஜெனரலான அதே ஹேஸ்டிங்ஸ், 1770 வாக்கில் சென்னையில் கம்பெனியின் ஏற்றுமதிக் கிடங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி மூட்டைகள் அலையில் நனைந்து பாழாவதைத் தினமும் பார்க்கும் வேலை. பாலம் வேண்டும் என்று அவர் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் பாலம் வர இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

ஏன் அவ்வளவு தாமதம்? பணம், அலட்சியம் எல்லாம் உண்டுதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, அன்றைக்கு அதைக் கட்டும் வழியே யாரிடமும் இல்லை என்பதுதான். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் போகலாம் என்றால், அலை உடையும் இடத்தில் அடித்தள மணலே இடம் மாறிக்கொண்டிருக்கும், கல் புதைந்துகொண்டே போகும். மரத்தூண் நடலாம் என்றால், வெப்பமான கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு சில ஆண்டுகளில் தூணைச் சல்லடையாக்கிவிடும். 1820களில் டி ஹாவிலாண்ட் என்ற ராணுவப் பொறியாளர் கருப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, கடல் அரிக்காமல் இருக்கக் கரையோரம் கல் அணை ஒன்று போட்டார். அது கரையைக் காத்தது. கப்பலில் இருந்து சரக்கு இறக்க அதனால் ஒரு பயனும் இல்லை.

வழி அயர்லாந்திலிருந்து வந்தது. பெல்பாஸ்ட்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் மிட்செல் பார்வையிழந்த பொறியாளர். 1833-இல் அவர் திருகுத் தூணுக்குக் காப்புரிமை வாங்கினார். இரும்புத் தூணின் அடியில் அகலமான திருகுச் சுற்று ஒன்று இருக்கும். தூணை நிமிர்த்தி நிறுத்தி, அதன் தலையில் நீளமான தடிகளைக் குறுக்கே பொருத்தி, ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடந்தால் தூண் மணலுக்குள் திருகிக்கொண்டு இறங்கும். சம்மட்டியால் அடிக்க வேண்டாம், தண்ணீரை இறைத்து அடித்தளம் தோண்டவும் வேண்டாம். மணல் எவ்வளவு இளகலாக இருந்தாலும் அந்த அகன்ற திருகு பாரத்தைப் பரப்பித் தாங்கும், மேல்நோக்கி இழுத்தாலும் பிடித்துக்கொள்ளும். முதலில் தேம்ஸ் முகத்துவாரத்தின் மணல்திட்டில் கலங்கரை விளக்கம் கட்ட இது பயன்பட்டது. 1840களில் அயர்லாந்தின் கோர்ட்டவுனில் கடற்பாலம் கட்டவும் பயன்பட்டது. பிறகு பிரிட்டனின் உல்லாசக் கடற்கரை ஊர்களில் எல்லாம் இதே முறையில் பாலங்கள் கிளம்பின. அங்கே மக்கள் காற்று வாங்க நடந்தார்கள். சென்னைக்கு வந்தபோது அது மூட்டை இறக்கும் பாலமாக வந்தது.

இன்னொரு பக்கம் ரயில் வந்துவிட்டது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. உள்நாட்டிலிருந்து பருத்தியும் அவுரியும் தோலும் கடற்கரைவரை வேகமாக வந்து சேர்ந்தன. வந்து சேர்ந்த பிறகு மசூலாப் படகுக்காகக் காத்துக் கிடந்தன. இந்தக் கடைசி ஒரு மைல்தான் எல்லோருக்கும் தலைவலி. 1861-இல் பாலம் வந்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

பாலம் வேலை செய்த விதத்தைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். கப்பல் வந்து பாலத்தை ஒட்டி நிற்கும், அதிலிருந்து நேராக இறங்கி நடக்கலாம் என்று கற்பனை செய்கிறார்கள். அப்படி இல்லை. கப்பல் முன்போலவே வெளியேதான் நின்றது. சரக்கு படகுக்கு இறங்கி, படகு பாலத்தின் கடல்முனைக்கு வந்து, அங்கே பாரந்தூக்கி மூட்டையை மேலே எடுத்து, பாலத்தின் மேல் போட்ட தண்டவாளத்தில் தள்ளுவண்டிகள் கரைக்குக் கொண்டுபோயின. அலை உடையும் வரிசையைப் படகு தாண்ட வேண்டியதில்லை. பாலத்தால் கிடைத்த லாபம் அவ்வளவுதான். அது சின்ன லாபமும் இல்லை. நனையாமல் சரக்கு வருவதும், இடுப்பளவு தண்ணீரில் கூலியாள் தோளில் ஏறிக் கரைசேர வேண்டிய அவசியம் பயணிகளுக்கு இல்லாமல் போவதும் அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

ஆனால் கடல் பொங்கும் நாளில் பாலமும் கைகொடுக்காது. அலை எங்கே உடையும் என்பது அதன் உயரத்தைப் பொறுத்தது. அலையின் உயரத்தைப்போல் சுமார் ஒன்றேகால் மடங்கு ஆழம் இருக்கும் இடத்தில் அது மடியத் தொடங்கும் என்பது தோராயக் கணக்கு. அமைதியான நாளில் கரைக்கு அருகே உடையும் அலை, புயல் நாளில் இன்னும் வெளியே, ஆழமான இடத்திலேயே உடையும். அப்போது பாலத்தின் முனையே கொந்தளிப்புக்குள் வந்துவிடும். அவ்வளவு மோசமில்லாத நாளிலும், பாலத்தின் முனையில் நிற்கும் படகு பல அடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பாரந்தூக்கியின் கொக்கியை மூட்டையில் மாட்டும் அந்த நொடியில் படகு கீழே போனால் கயிறு அறும், மேலே வந்தால் தூணில் மோதும். சிக்கல் இப்படியே இருந்ததால் பழைய முறைப்படி கரையிலேயே படகை ஏற்றி இறக்கும் வேலை ஒருபோதும் நிற்கவில்லை.

அப்புறம் புயல்கள். 1868-இலும் 1872-இலும் அடித்த புயல்கள் பாலத்தைச் சிதைத்துச் செயலிழக்க வைத்தன. இந்த மாதிரிப் பாலங்களுக்கு எதிரி அலை மட்டும் இல்லை. மெல்லிய தூண்களுக்கு நடுவே அலை புகுந்து போய்விடும், அதைத் தாங்கத்தான் அந்த வடிவம். மேடை போதிய உயரத்தில் இல்லாவிட்டால் அலையின் முகடு அடியிலிருந்து தூக்கி அடித்துப் பலகைகளைப் பிய்க்கும், அது ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, நங்கூரச் சங்கிலி அறுந்து மிதந்து வரும் கப்பல். ஆயிரம் டன் கனத்தில் ஒரு கப்பல் குறுக்கே வந்து மோதினால் எந்தத் திருகுத் தூணும் நிற்காது. திருவனந்தபுரம் வலியதுறையில் இருந்த கடற்பாலம் 1947-இல் பண்டிட் என்ற கப்பல் மோதித்தான் உடைந்தது. அங்கே உயிர்களும் போயின. பிறகு 1956-இல் புதிதாகக் கான்கிரீட் பாலம் கட்டினார்கள்.

பாலம் மட்டும் போதாது, கப்பல் உள்ளே வந்து நிற்க மூடிய நீர்ப்பரப்பு வேண்டும் என்ற முடிவுக்குச் சென்னை வணிகர்களும் அரசும் வந்தது இதற்குப் பிறகுதான். திட்டத்தைப் போட்டவர் வில்லியம் பார்க்ஸ். கராச்சியில் மனோரா அலைத்தடுப்புச் சுவரைக் கட்டிப் பெயர் வாங்கியவர். பாலத்துக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு கல் கரங்கள் கடலுக்குள் போய், முனையில் ஒன்றையொன்று நோக்கி வளையும். நடுவில் கிழக்குப் பார்த்து வாசல். உள்ளே சுமார் 200 ஏக்கர் நீர்ப்பரப்பு. அதன் நட்டநடுவில் பழைய இரும்புப் பாலம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர், சென்னைக்கு வந்தபோது அடிக்கல் நாட்டினார். 1876-இல் வேலை தொடங்கியது.

அதே ஆண்டுதான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசி வந்தது. அந்த அரிசியை இறக்கக் கிடைத்தவை இந்தப் பாலமும் மசூலாப் படகுகளும் மட்டுமே. இறங்கிய மூட்டைகள் கடற்கரையில் மலைபோல் அடுக்கிக் கிடந்த காட்சி 1877-ஆம் ஆண்டுச் சித்திரங்களிலும் புகைப்படங்களிலும் இருக்கிறது. மூட்டைகள் கரையில் குவிந்திருக்க, சில பத்து மைல் உள்ளே ஜனங்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகம் இருந்திருந்தால் பஞ்சம் தீர்ந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பஞ்சத்தின் வேர் விலையிலும் கொள்கையிலும் இருந்தது. பாலத்தின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதுவது சரியில்லை என்பதால் சொல்கிறேன்.

கரங்கள் ஏறக்குறைய முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் இன்னொரு புயல் வந்தது. பெரிய பெரிய கான்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கட்டிய சுவர்களின் வெளிப்பகுதி நொறுங்கியது. இருபது ஆண்டுக்குள் இந்தக் கரை மூன்றாவது முறையாகப் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பியது. என்ன தவறு, எப்படித் திருத்துவது, வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் சுவர்களைப் பலப்படுத்தி, வாசலைக் கிழக்கிலேயே விட்டு, 1890களின் நடுவில் ஒருவழியாக முடித்தார்கள்.

வாசலை அங்கேயே விட்டது தப்பு. வங்கக்கடலின் அலை நேராக அதன் வழியே உள்ளே வந்தது. உள்ளே நின்ற கப்பல்கள் வெளியே நின்றதைப்போலவே ஆடின. கூடவே தெற்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்த மணல் வாசலை மேடாக்கத் தொடங்கியது. 1904-இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்குத் தலைவராக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ரயில் பாலங்கள் கட்டிப் பழகிய பொறியாளர். அவர் காலத்தில்தான் கிழக்கு வாசலை மூடி, வடகிழக்கு மூலையில் புதிய வாசலைத் திறந்து, அதற்கு மறைப்பாக ஒரு சுவரும் நீட்டினார்கள். 1911 வாக்கில் அது முடிந்தது. கப்பல் நேரே வந்து ஒட்டி நிற்கும் கல் மேடைகள், அவற்றின் மேல் தண்டவாளம், கிடங்குகள் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. சென்னையைத் துறைமுகம் ஆக்கியவர் என்று யாரையாவது சொல்ல வேண்டும் என்றால் நான் பார்க்ஸைச் சொல்ல மாட்டேன், ஸ்பிரிங்கைத்தான் சொல்வேன்.

அதே ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான் 1912 மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சீனிவாச ராமானுஜன் கணக்கு எழுத்தராக வேலை பார்த்தார். ஸ்பிரிங்கும் அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் அவருடைய கணிதத்துக்குத் துணை நின்றார்கள். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் அவர் இதே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

கல் மேடையில் கப்பலே வந்து நிற்கும்போது, படகிலிருந்து மூட்டை தூக்கும் பாலத்துக்கு வேலை இல்லை. அலையைத் தாண்டக் கட்டிய பாலம், அலையே வராத குளத்துக்குள் சிக்கிக்கொண்டது. அதன் கதை அங்கே முடிகிறது. மசூலாப் படகுகளும் மெல்ல மெல்லச் சரக்கு வேலையிலிருந்து விலகி மீன்பிடிப்போடு நின்றன.

இனி மணல். பாலத்தையும் துறைமுகச் சுவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருகின்றன. அவை கரையோரமாகவே மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது சில மாதம் இது திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் மிக அதிகம், ஆண்டுக்குப் பல லட்சம் டன். தூண்களின் மேல் நிற்கும் பாலத்துக்கு அடியில் இந்த மணல் எந்தத் தடையும் இல்லாமல் போய்விடும். பாலம் மட்டும் இருந்த காலத்தில் கரை ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது. கரையிலிருந்து கெட்டியாக ஒரு சுவர் நீண்டால் மணல் அங்கேயே நின்றுவிடும்.

அப்படித்தான் ஆனது. துறைமுகத்தின் தெற்குக் கரம் எழுந்ததிலிருந்து அதன் தெற்கே மணல் குவியத் தொடங்கியது. அதற்கு முன்பு அலை புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்குக் கிட்டத்தட்ட அருகேயே வந்து அடித்தது. கோட்டையின் கடல்வாசலைத் திறந்தால் எதிரே கடற்கரை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், கடலுக்கு மிக அருகே நின்றது. பனிக்கட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அரை கிலோமீட்டர் நடக்க யாரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் கடற்கரையோரம் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். இன்று நாம் மெரினா என்று சொல்லும் அந்த அகன்ற மணல்வெளி, சராசரியாக முந்நூறு மீட்டர் அகலம், பெரும்பாலும் துறைமுகச் சுவர் பிடித்து வைத்த மணல்தான். பலருக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. மெரினா ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறோம்.

தெற்கே நின்ற மணல் வடக்கே போகவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் அலை மட்டும் வழக்கம்போல் மணலை எடுத்துக்கொண்டே போனது, ஈடு செய்யப் புதிய மணல் வரவில்லை. கரை கரைந்தது. மீனவக் குப்பங்கள் பின்வாங்கின, வீடுகள் போயின, எண்ணூர்ச் சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. வடசென்னைக்கு ஒரு மெரினா ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு பதில் துறைமுகத்தின் தெற்குச் சுவரில் இருக்கிறது. தென்சென்னைக்குக் கிடைத்த கடற்கரையில் ஒரு பங்கு வடசென்னையுடையது.

அதற்காகத் துறைமுகமே வேண்டாம், பாலத்தோடு நின்றிருக்கலாம் என்று சொல்ல முடியாது. பாலத்தை வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டின் கப்பல்களைக் கையாண்டிருக்கவே முடியாது. ஆனால் சுவர் கட்டினால் மணல் என்ன ஆகும் என்பது சென்னையில் கண்கூடாகத் தெரிந்துவிட்டது. அது தெரிந்த பிறகும் அடுத்த ஊரில் அதையே செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த ஊர் புதுச்சேரி. அங்கும் திறந்த கடல், அங்கும் தைத்த படகுகள், அவற்றைச் சலங்கு என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் அங்கே இரும்புத் தூண்களில் கடற்பாலம் கட்டினார்கள். நூறு ஆண்டுக்குப் பக்கமாகப் புதுச்சேரியின் கடல்வாசல் அதுதான். அந்தப் பாலத்துக்கு வயதான பிறகு, நகரத்துக்குத் தெற்கே வம்பாக்கீரப்பாளையத்தில் கான்கிரீட் தூண்களில் புதிய பாலம் 1962-இல் தயாரானது. இவை இரண்டும் இருந்த காலத்தில் புதுச்சேரிக்கு மணல் கடற்கரை இருந்தது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்றுவாயில் சின்னத் துறைமுகம் ஒன்றுக்காகக் கல் அலைத்தடுப்புகள் போட்டார்கள். சில ஆண்டுகளில் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் முன்னால் இருந்த கடற்கரை மறைந்து வெறும் பாறைக் குவியல் மிஞ்சியது. சென்னையில் நூறு ஆண்டுக்கு முன்பு நடந்ததேதான், அளவு மட்டும் சிறியது. அண்மையில் 2018 வாக்கில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கடியில் ஆப்பு வடிவ இரும்பு அமைப்பு ஒன்றை இறக்கி அலையின் வேகத்தைத் தணித்த பிறகு, காந்தி சிலைக்கு வடக்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது.

தனுஷ்கோடியையும் ஒரு வரி சொல்லிவிடலாம். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் ரயில் நேரே தனுஷ்கோடி கடற்பாலத்துக்குப் போய், பயணிகள் இறங்கி நீராவிக் கப்பலில் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் புயல் ஊரோடு சேர்த்து அதையும் கொண்டுபோய்விட்டது.

சரி, இப்போது போனால் என்ன பார்க்கலாம்? சென்னையில் பாலம் நின்ற இடம் துறைமுக மதிலுக்குள் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, போனாலும் பாலம் இல்லை. ராஜாஜி சாலையில் பழைய கட்டடங்களின் வரிசையைப் பார்த்தபடி நடக்கலாம். அவை எல்லாம் கடலைப் பார்த்துக் கட்டியவை, அந்தச் சாலைக்கு அந்தக் காலத்தில் முதல் வரிசைக் கடற்கரைச் சாலை என்றே பெயர். உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் 1844-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத் தூண், அந்தப் பாலத்துக்கு வந்த கப்பல்களுக்கு வழிகாட்டியது. பாலத்தையே பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரிதான் போக வேண்டும். காந்தி சிலைக்கு அருகே கடலில் பழைய பாலத்தின் தூண்கள் வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும், கரையிலிருந்தே தெரியும். அங்கிருந்து தெற்கே வம்பாக்கீரப்பாளையம் போனால் 1962-ஆம் ஆண்டுப் பாலத்தையும் பார்க்கலாம். 2022 மார்ச் 6 அன்று அதன் நடுப்பகுதி இடிந்து கடலில் விழுந்தது, ஆகவே மேலே ஏற நினைக்க வேண்டாம், பக்கத்து மணலில் நின்று பார்ப்பதோடு சரி. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை என்ன செய்யும் என்பது அங்கே நன்றாகத் தெரியும். அலை ஏறி இறங்கும் உயரத்தில்தான் துரு அதிகமாக இருக்கும்.